தூணுக்குள்ள போன புகை

ரெண்டு வாரமா ஒண்ணும் எழுதலை. கொல்லையில மல்லாட்டை பிடுங்கற வேலை ஒரு பக்கம், ஊர்த் திருவிழா ஒரு பக்கம். மல்லாட்டைன்னா உங்க ஊரு வேர்க்கடலைதான். செஞ்சி பக்கத்துல நாங்க அப்படித்தான் சொல்லுவோம், சிரிக்காதீங்க.

இந்த வருஷம் அம்மன் திருவிழாவோட கடைசி ராத்திரியில இரணியன் கூத்து வைக்கறதுன்னு ஊர்ல முடிவாச்சு. ஒன்பது வருஷம் கழிச்சு. நடுவுல கொரோனா வந்துச்சு, அப்புறம் ரெண்டு வருஷம் பாட்டுக் கச்சேரி வச்சாங்க, ஒரு வருஷம் சண்டையில திருவிழாவே நின்னு போச்சு. இப்ப பசங்களே ஆசைப்பட்டு வாத்தியாரைக் கூட்டிட்டு வந்து மூணு மாசம் ஒத்திகை பார்த்தாங்க. பகல்ல கம்பெனி வேலை, ராத்திரி அடவு. நல்ல பசங்க.

ஒரு நாள் சாயந்தரம் எங்க மாமாவோட பேரன் வந்து களத்து மேட்டுல உட்கார்ந்தான். அவன்தான் நரசிம்மர் வேஷம். "மாமா, தூண் பொளக்கும்போது புகை வேணும். கல்யாண மண்டபத்துல வைக்கற புகை மிஷினைக் கேட்டோம். ஆளோட சேர்த்து ஒரு ராத்திரிக்கு நாலாயிரம் சொல்றாங்க. மொத்தக் கூத்துக்கே காசு இழுத்துக்கினு கிடக்குது. தாத்தா உங்களக் கேக்கச் சொன்னாரு" அப்படின்னான்.

தாத்தா கேக்கச் சொன்னாருன்னதும் எனக்குக் கையில இருந்த மல்லாட்டைக் கொடி நழுவிடுச்சு. ஏன்னு அப்புறம் சொல்றேன்.

முதல்ல புகை சமாச்சாரத்தைச் சொல்லிடறேன். கூத்து பார்க்காதவங்க நிறைய பேரு படிக்கறீங்க. எங்க பக்கத்துக் கூத்துல தீக்கும் புகைக்கும் ரெண்டு சரக்கு. ஒண்ணு குங்கிலியம், இன்னொண்ணு சாம்பிராணி. ரெண்டும் மரத்துப் பிசின்தான், ஆனா வேலை வேற. துச்சாதனன், இரணியன் மாதிரி முரட்டு வேஷம் திரையை விலக்கிட்டு வரும்போது, பக்கத்துல பந்தம் பிடிக்கறவரு ஒரு சிட்டிகை குங்கிலியப் பொடியை அந்தத் தீ மேல வீசுவாரு. பக்குனு ஆள் உயரத்துக்குத் தீ எழும்பி அடங்கும். அந்த ஒரு நொடி வெளிச்சத்துல கிரீடத்துல ஒட்டியிருக்கற கண்ணாடித் துண்டு எல்லாம் பளபளன்னு மின்னும். பின்னாடி உட்கார்ந்திருக்கற குழந்தைங்க அம்மா மடியில ஒளிஞ்சுக்கும். கரண்டு விளக்கு எவ்வளவு போட்டாலும் அந்தப் பயம் வராது.

குங்கிலியத்தைக் கட்டியா தணல்ல போட்டா உருகிப் புகையும், அவ்வளவுதான். பொடி பண்ணி வீசினாத்தான் எரியும். பொடி காத்துல பரவி, ஒவ்வொரு துகளும் தனியா நெருப்பைப் பிடிக்கும். மாவு மில்லுல மாவு பறக்கற இடத்துல பீடி பத்த வைக்கக் கூடாதுன்னு சொல்றாங்களே, அதே கதை. எடுக்கற அளவு மூணு விரல் நுனி. அதுக்கு மேல எடுக்கக் கூடாது. இது எனக்குப் பதினாறு வயசுலயே சொல்லிக் கொடுத்தது.

சாம்பிராணி அப்படி இல்லை. தணல்ல விழுந்தா உருகி, வெள்ளையா, கெட்டியா புகை வரும். தலைக்குக் குளிச்ச பொம்பளைங்க கூடையைக் கவுத்து முடி காய வைக்கறாங்களே, அதே புகை.

1986ல நான் பத்தாவது முடிச்சிட்டு மேல படிக்கலாமா, ஏரைப் பிடிக்கலாமான்னு இருந்த சமயம். அந்த வருஷம் இரணியன் கூத்துல எங்க மாமா நரசிம்மர். அம்மா கூடப் பொறந்தவரு. அப்ப அவருக்கு நாப்பதுக்குள்ளதான் இருக்கும், நல்ல ஆஜானுபாகு. மூங்கில் பத்தையில தூண் கட்டி, மேல பழைய வேட்டியைச் சுத்தி, காகிதம் ஒட்டி, சுண்ணாம்பு அடிச்சிருந்தாங்க. முன்பக்கம் ரெண்டு கதவு மாதிரி, கயித்தை இழுத்தா பொளந்துக்கும். விடிய நாலு மணிக்கு மேலதான் அந்தக் கட்டம் வரும். அதுக்கு அரை மணி முன்னாடியே மாமா உள்ள போய்க் குந்திக்கணும். பின்பக்கம் சாக்கு மறைப்புல நான். என்கிட்ட ஒரு சட்டித் தணல், ஒரு பொட்டலம் சாம்பிராணி, ஒரு சின்னப் பந்தம், ஒரு பொட்டலம் குங்கிலியம்.

இரணியன் கதையால தூணை அடிக்கும்போது சட்டியில சாம்பிராணியைக் கொட்டணும். கதவு திறந்து மாமா வெளிய காலை வச்சப்புறம், அவரு முதுகுக்குப் பின்னாடி மூணு விரல் குங்கிலியம். இதுதான் வாத்தியார் சொன்னது.

அன்னிக்கு எதிர்ல எங்க கிளாஸ் பசங்க எல்லாம் உட்கார்ந்திருந்தாங்க. பொண்ணுங்களும்தான். இப்ப அம்பத்தஞ்சு வயசுல எழுதறதுக்கு என்ன வெட்கம். பெருசா தீ எழும்பணும்னு தோணுச்சு. கை நிறைய அள்ளினேன். அதுவும் ஒரு நொடி முன்னாடி, மாமா இன்னும் தூணுக்குள்ள இருக்கும்போதே வீசிட்டேன்.

திறந்த வெளியில அது மேல போயிருக்கும். மூடின தூணுக்குள்ள போக இடம் இல்லை. மாமா தலையில கட்டியிருந்த பிடரி சணல்ல பண்ணது. சணல் எப்படிப் பத்தும்னு சொல்ல வேண்டியதில்லை. அவரு இடது கையால தலையில இருந்ததைப் பிய்ச்சு எறிஞ்சிட்டு, அதே வேகத்துல கதவை உதைச்சுக்கினு வெளிய பாஞ்சாரு. ஜனம் எழுந்து நின்னு விசில் அடிச்சுது. தீயோட சிங்கம் வந்தா வேற என்ன பண்ணுவாங்க. மாமா இரணியனைத் தூக்கி மடியில போட்டு, குடலை உருவற வரைக்கும் ஆடி முடிச்சிட்டுத்தான் திரைக்குப் பின்னாடி வந்து விழுந்தாரு.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில பதினெட்டு நாள். இடது கையில சுண்டு விரலும் மோதிர விரலும் ஒட்டிக்கினு, அப்புறம் நிமிரவே இல்லை. அந்தக் கையால அவரால மாட்டுல பால் பீச்ச முடியாது, மண்வெட்டிக் காம்பை இறுக்கிப் பிடிக்க முடியாது. கேட்டவங்க எல்லாருக்கும் அவரு சொன்னது ஒண்ணுதான்: "காத்து திரும்பிடுச்சு." வாத்தியார்கிட்டயும் அதான், எங்க அம்மாகிட்டயும் அதான். காத்து அன்னிக்கு ஒரு இலையைக்கூட அசைக்கலை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முப்பத்தொன்பது வருஷமா இதைப் பத்தி நாங்க ரெண்டு பேரும் பேசினது இல்லை. அதுக்கப்புறம் எங்க ஊர்ல நடந்த கூத்துல எல்லாம் வேற ஆளுதான் தீ, புகை பார்த்தாரு. அவரும் தவறிட்டாரு. நான் கடைசி வரிசையில நின்னு பார்த்துட்டு, தூண் கட்டம் வர்றதுக்கு முன்னாடி வீட்டுக்குப் போயிடுவேன்.

அதனாலதான் தாத்தா கேக்கச் சொன்னாருன்னதும் கை நழுவினது.

பையன்கிட்ட சரின்னு சொன்னேன். ரெண்டு கண்டிஷன். தூணுக்குள்ள ஒரு பொறி நெருப்புகூட வரக் கூடாது, குங்கிலியம் தூணுக்குப் பத்தடிக்குள்ள வரக் கூடாது. "அப்புறம் புகை எப்படி மாமா?"ன்னான். அதைத்தான் பத்து நாள் யோசிச்சேன்.

சென்னையில இருக்கற என் தங்கச்சி பையன் போன்ல "டிரை ஐஸ் போடுங்க மாமா, செமயா இருக்கும்"னான். சினிமாவுல தேவலோகம் காட்டறாங்களே, கால்கிட்ட மேகம் ஓடுமே, அது. கரியமில வாயுவை உறைய வச்ச கட்டி. மைனஸ் 78 டிகிரி குளிர். சுடுதண்ணியில போட்டா புகை கொப்பளிச்சுக்கினு தரையோட தரையா ஓடும். பார்க்க அழகுதான். ஆனா வெறுங்கையால தொட்டா தோல் போயிடும். தெர்மோகோல் பெட்டியில வச்சாலும் கரைஞ்சுக்கினே இருக்கும், மூடியை இறுக்கி அடைச்சா வாயு அடைஞ்சு வெடிக்கும். எல்லாத்துக்கும் மேல, அந்த வாயு காத்தை விட கனம், பள்ளத்துல தேங்கும். திறந்த மேடையில பரவாயில்லை. ஒரு ஆள் அரை மணி நேரம் குந்தியிருக்கற மூடின தூணுக்குள்ள அதை விட்டா, மூச்சு விடக் காத்து இருக்காது. கிணத்துல இறங்கி மூச்சு முட்டிச் செத்தவங்களைப் பார்த்த ஊரு இது. வேணாம்னுட்டேன்.

எருமுட்டைத் தணல்ல ஈர வைக்கோலைப் போட்டுப் பார்த்தேன். புகைக்குக் குறைவே இல்லை. மாட்டுக் கொட்டாயில கொசுவுக்குப் போடறது அதானே. ஆனா மஞ்சளா, கண்ணு எரியுது. பிரகலாதனா நடிக்கறது ஏழாவது படிக்கற பொண்ணு, ராத்திரி பூரா பாடணும். ஒத்திகையில ரெண்டு தும்மல் தும்மிட்டு அது என்னை முறைச்ச முறைப்பு இருக்கே.

அண்டாவுல தண்ணி கொதிக்க வச்சு ஆவி விட்டும் பார்த்தோம். சித்திரை மாசத்துல எட்டு மணிக்கு ஆவி கண்ணுக்கே தெரியலை. மார்கழியா இருந்தா பலிச்சிருக்கும்.

கடைசியில வழி கிடைச்சது தேனீப் பெட்டியில. கொல்லை ஓரம் நாலு பெட்டி வச்சிருக்கேன்னு முன்னாடியே எழுதியிருக்கேன். தேன் எடுக்கும்போது புகை காட்டற டப்பா ஒண்ணு உண்டு. டப்பாவுக்குள்ள தேங்கா நாரு புகையும், பின்னாடி சின்னத் துருத்தி, முன்னாடி மூக்கு. துருத்தியை அமுக்கினா மூக்கு வழியா புகை மட்டும் வரும், நெருப்பு உள்ளேயே இருக்கும். இதைப் பெருசா பண்ணா என்ன?

பதினஞ்சு கிலோ எண்ணெய் டின் ஒண்ணு எடுத்தேன். அடியில ரெண்டு விரல் கனத்துக்கு மணல். அது மேல கம்பி வலை, வலை மேல கொட்டாங்கச்சிக் கரி. கரி முதல்ல நல்லா கனிஞ்சு மேல வெள்ளைச் சாம்பல் பூக்கணும். கறுப்பா இருக்கும்போதே போட்டா கரிப்புகையும் சேர்ந்து வந்து தொண்டையைப் பிடிக்கும். டின்னுக்குக் கீழ ஒரு ஓட்டை, அதுல கொல்லன் பட்டறையில வாங்கின பழைய துருத்தி. மேல மூடியில ஒரு ஓட்டை, அதுல குழாய். முதல் நாலடி இரும்புக் குழாய், பழைய மோட்டார்ல இருந்தது. அதுக்கப்புறம் பன்னெண்டு அடி பி.வி.சி. குழாய். முதல்லயே பி.வி.சி. மாட்டினேன், சூட்டுல வளைஞ்சு பாம்பு மாதிரி தொங்கிடுச்சு. குழாய் போற வழி பூரா ஈர மணல் கொட்டி, மேல ஈரச் சாக்கு. ஏன்னா சூடான புகை மேல ஓடிப் போயிடும். ஆற வச்ச புகைதான் தங்கும், தரையில படியும்.

சாம்பிராணி விஷயத்துல ஒரு வார்த்தை. கடையில மலிவாக் கிடைக்கற தூள்ல என்னென்னவோ கலந்திருக்கு. நாத்தத்துலயே தெரியும். நான் செஞ்சி நாட்டு மருந்துக் கடையில கட்டியா வாங்கி வீட்டுல இடிச்சேன். கால் கிலோ போதும், மிச்சமே இருக்கு. துருத்தி, மருந்துக் கடைச் சரக்கு, வளைஞ்சு போன குழாய் எல்லாம் சேர்த்து எழுநூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சுது.

சின்னப் பொருளுக்கு இவ்வளவு பாடு வேணாம். பிரகலாதனுக்கு விஷம் கொடுக்கற கட்டத்துல கிண்ணத்துல இருந்து புகை வரணும்னு வாத்தியார் கேட்டாரு. பித்தளைச் சொம்புல முக்கால் பாகம் மணல், மேல ஒரு கம்ப்யூட்டர் சாம்பிராணி. பேரு வச்ச புண்ணியவான் யாருன்னு தெரியலை, கம்ப்யூட்டருக்கும் அதுக்கும் என்ன சம்பந்தமோ. பத்த வச்சு ஊதி அணைச்சா அஞ்சாறு நிமிஷத்துக்கு மேல நிதானமா புகையும். மணல் இருக்கறதால சொம்பு சுடாது, பொண்ணு ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கலாம். குடிக்கற மாதிரி சாய்க்கும்போது மட்டும் மூச்சைப் பிடிச்சுக்கச் சொன்னேன். நெருப்புல தள்ளற கட்டத்துக்கு நிஜ நெருப்பே இல்லை. சிவப்பு, மஞ்சள் கண்ணாடிக் காகிதத்தை நாடா நாடாவா வெட்டி, கீழ ஒரு டேபிள் ஃபேன், ஒரு பல்பு. இது பசங்க யோசனை. எனக்கு முதல்ல பிடிக்கலை, இருட்டுல பார்த்தப்புறம் வாயை மூடிக்கிட்டேன்.

பிடரியை இந்தத் தடவையும் சணல்லதான் பண்ணாங்க. நைலான் முடி வாங்கலாம்னு ஒருத்தன் சொன்னான். நைலான் பத்தினா உருகித் தோல்ல ஒட்டும், அது இன்னும் மோசம். சணலைப் படிகாரத் தண்ணியில ராத்திரி பூரா ஊற வச்சுக் காய வச்சேன். ஒரு கத்தையைக் கொளுத்திப் பார்த்தேன், கருகுச்சே தவிர குப்புனு பிடிக்கலை. தூணுக்குப் பின்னாடி ரெண்டு குடம் தண்ணி, ஒரு ஈரச் சாக்கு. தூணோட பின்பக்கத்தைப் பூரா திறந்து வச்சு ஒரு தார்ப்பாய் மட்டும் தொங்கவிட்டேன், அவன் எப்ப வேணாலும் பின்னாடி உருண்டு வரலாம். குழாய் முனை தூணுக்குள்ள இல்லை. தூணுக்கு அடியில, கதவுக்கு வெளியே வர்ற மாதிரி வச்சேன். ஜனத்துக்கு உள்ள இருந்து வர்ற மாதிரிதான் தெரியும். பையனை மூணு நாள் ஒத்திகையில உள்ள உட்கார வச்சு, மூச்சு சரியா இருக்கான்னு கேட்டுக் கேட்டு அவனுக்கே சலிச்சுப் போச்சு. "மாமா, நீங்க ரொம்பப் பயப்படறீங்க"ன்னான். ஆமான்னேன்.

கூத்தன்னிக்கு ராத்திரி பத்து மணிக்கு நல்ல காத்து. கட்டியங்காரன் வந்து சிரிக்க வச்சுக்கினு இருக்கான், எனக்குச் சிரிப்பே வரலை. இந்தக் காத்துல புகை நிக்காதேன்னு கவலை. ஆனா கழனியில இருக்கறவனுக்கு ஒண்ணு தெரியும். விடியக் காலையில காத்து அடங்கும். தரை குளிர்ந்து போயிருக்கும். அந்த நேரத்துல எங்கயாவது அடுப்பு மூட்டினா புகை மேல போகாது, வரப்பு உயரத்துக்குப் படுத்துக்கினு கிடக்கும். தூண் கட்டத்தைப் பெரியவங்க விடியற நேரத்துக்கு வச்சதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கும்னு நினைக்கறேன். என் நினைப்புதான், வாத்தியார் ஒத்துக்கலை. கதைப்படி பகலும் இல்லாத ராத்திரியும் இல்லாத நேரம், அதான் காரணம்னாரு.

நாலேகாலுக்கு முகவீணை ஏறுச்சு. இரணியன் கதையை ஓங்கினான். நான் மூடியைத் தூக்கி ரெண்டு ஸ்பூன் சாம்பிராணி போட்டு மூடி, துருத்தியை அமுக்கினேன். மூணாவது அமுக்குக்குத்தான் வந்துச்சு. அந்த ரெண்டு மூணு நொடி எனக்கு உசுரே இல்லை. அப்புறம் தூண் அடியில இருந்து வெள்ளையா, கெட்டியா, அவசரமே இல்லாம ஊர்ந்து வந்து இரணியன் காலைச் சுத்துச்சு. ஜனம் சத்தமே போடலை. கதவு பொளந்தது. பையன் வந்தான். இருமலை, தும்மலை.

மாமா முன் வரிசையில நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாரு. எழுபத்தெட்டு வயசு, ராத்திரி பூரா கண் மூடலை. கூத்து முடிஞ்சு நான் குடத்துத் தண்ணியை டின்னுல ஊத்திட்டு இருந்தப்ப தடியை ஊணிக்கினு பின்னாடி வந்தாரு. குழாயைப் பார்த்தாரு, துருத்தியைப் பார்த்தாரு. ஒட்டின விரல் இருக்கற கையால டின் மூடியைத் தொட்டுப் பார்த்தாரு, இன்னும் சுடுதான்னு.

"எவ்ளோ மாப்ள போட்ட?"

"ரெண்டு ஸ்பூன் மாமா."

"பத்தல."

சொல்லிட்டுப் போயிட்டாரு. தடி சத்தம் கோயில் திருப்பம் வரைக்கும் கேட்டுச்சு.

ரெண்டு நாள் கழிச்சு அவரு வீட்டுக்குப் போனேன். இதை எல்லாம் எழுதப் போறேன், எழுதலாமான்னு கேட்டேன். திண்ணையில மல்லாட்டை உரிச்சுக்கினு இருந்தாரு. நிமிராமலே "எழுது. எவன் படிக்கப் போறான்"னாரு. நான் எழுதறதைப் போன்ல ஒண்ணு விடாம படிக்கறவன் அவரு பேரன்தான். காத்து திரும்பினதுன்னுதான் அவனுக்கும் இது வரைக்கும் தெரியும்.

டின் இன்னும் கொல்லைக் கொட்டாயிலதான் கிடக்கு. அந்த வாசம் பக்கத்துல அடுக்கின மல்லாட்டை மூட்டையில எல்லாம் ஏறிடுச்சு. செஞ்சி கமிட்டிக்கு ஏத்திக்கினு போனா வியாபாரி மூக்கை உறிஞ்சிட்டு என்ன விலை கேப்பானோ. வர்ற திங்கட்கிழமை பார்க்கணும்.